முன்னவரைவிட ஒரு சாண்

பிரேம்கடைக்காரருக்கு மாமனார் வீட்டில் இரண்டு எதிரிகள். ஒன்று கை வைத்த நாற்காலி. இன்னொன்று அதில் உட்காரும் சகலை.

நாற்காலி முன்னறையில் மின்விசிறிக்கு நேர் கீழே கிடக்கும். நல்ல மரம், இரண்டு பக்கமும் கை, முதுகுக்கு மெத்தை. சகலை வந்தால் மாமனார் எழுந்து, உள்ளங்கையால் மெத்தையைத் தட்டிவிட்டு, "உட்காருங்க மாப்பிள்ளை" என்பார். பிரேம்கடைக்காரர் வந்தாலும் "உட்காருங்க மாப்பிள்ளை" என்றுதான் சொல்வார். ஆனால் சொல்லும்போது அவர் பார்வை சுவரோரம் கிடக்கும் முக்காலிப் பக்கம் போகும். இத்தனைக்கும் மூத்த மாப்பிள்ளை இவர். மாமனாருக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டு விரித்துப் படுத்துக் கிடந்தவர். சகலை ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு ஒரே ஒரு நடை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கட்டு பிரித்ததும் மாமனார் கண்ணில் முதலில் பட்டது அந்த ஆரஞ்சுப் பழம்தான்.

காரணம் இல்லாமல் இல்லை. சகலைக்கு மாகாண முதல்வர் அலுவலகத்தில் உத்தியோகம். என்ன உத்தியோகம் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. தெரியாததாலேயே அதற்கு மதிப்பு கூடியிருந்தது. கேட்டால், "முதல்வர்களுக்குப் பக்கத்துலயே இருக்கற வேலை. அதுக்கு மேல சொல்லக் கூடாது" என்று கண்ணை மெல்ல மூடித் திறப்பார். அப்போது மாமனார் வீட்டில் மின்விசிறிகூடச் சத்தமில்லாமல் சுற்றுவது போல பிரேம்கடைக்காரருக்குத் தோன்றும்.

"என் தங்கச்சி வீட்டுக்காரரு முதல்வர் பக்கத்துல நிக்கறாரு. நீங்க நாள் முழுக்கக் கண்ணாடி தொடைக்கறீங்க" என்பாள் மனைவி. சண்டைக்கு இழுப்பதற்காகச் சொல்வதில்லை. மழை வருகிறது, துணியை எடுங்கள் என்று சொல்கிற குரலில்தான் சொல்வாள். அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சல். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு முக்காலியில் நெளிவார். முக்காலி ஒரு காலில் ஆடும். ஆடாமல் இருக்க அவர்தான் அந்தக் காலுக்குக் கீழே அட்டை மடித்து அண்டை கொடுத்து வைத்திருந்தார்.

ஒருநாள் காலையில் கடை வாசலில் அரசாங்க ஜீப் வந்து நின்றது. இறங்கிய பியூன் கடையை மேலும் கீழும் பார்த்தார்.

"பெரிய பிரேம் போடுவீங்களா?"

"போடுவேன். எவ்வளவு பெரிசு?"

"அதைச் சொல்ற அதிகாரம் எனக்குக் கிடையாது. ஆனா பெரிசு."

கண்ணாடி அறுக்கிற வைரக்கத்தியையும் அளவு டேப்பையும் பையில் போட்டுக்கொண்டு பிரேம்கடைக்காரர் ஜீப்பில் ஏறினார். பக்கத்துக் கடைக்காரர்கள் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். பார்த்தார்கள். வயிற்றெரிச்சலை வாங்குவதைவிடக் கொடுப்பது எவ்வளவு சுகம் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

முதல்வர் அலுவலகத்தில் மக்கள் குறைக்கு ஒரு பிரிவு, குடிநீருக்கு ஒரு பிரிவு, வரலாற்றுக்கு ஒரு பிரிவு உண்டு. முதல் இரண்டும் பின்கட்டில் ஒரே மேஜையைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. வரலாற்றுக்கு மட்டும் முதல் மாடி முழுவதும். அங்கே வரலாற்றுச் செயலாளர் காத்திருந்தார். உடம்பு ஒல்லி, குரல் கனம்.

"இது முதல்வர்கள் கூடம்" என்றார் அவர், செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டு. "இந்த அலுவலகத்தோட வரலாறு மொத்தமும் இந்தச் சுவத்துலதான் தொங்குது. ஒரு ஆணி பிசகினா வரலாறு பிசகிடும்."

கூடத்தின் இடது ஓரத்தில் ஒரு புத்தக அட்டை அளவுக்குச் சின்னப் படம் ஒன்று இருந்தது. அது முதலாம் முதல்வர். அதற்கு வலது பக்கம் படங்கள் படிப்படியாக உயர்ந்துகொண்டே போய், பதினோராமவர் படம் விட்டத்தில் தலை இடிக்க நின்றது. கூடமே ஒரு பக்கமாகச் சரிந்த மாதிரி இருந்தது.

"முதலாமவரு காலத்துல அலுவலகமே ரெண்டு அறைதான். சுவத்துல ஒரு ஆணி சும்மா இருக்கேன்னு அவரே கொண்டுவந்து மாட்டினாராம். வரலாற்று உணர்ச்சி துளிகூடக் கிடையாது" என்று செயலாளர் வருத்தப்பட்டார். "ரெண்டாமவருதான் மரபை உண்டாக்கினாரு. முன்னவரை மதிக்கறதுன்னா என்ன? அவரைவிட ஒரு சாணாவது வளர்ந்து காட்டணும். அதனால ஒரு சாண் உயரமா போட்டாரு. மூணாமவருக்கு ரெண்டாமவர் மேல இன்னும் மதிப்பு. அவர் இன்னொரு சாண்."

"எல்லாரும் ஒரு சாணா?"

"ஒன்பதாமவரு வரைக்கும் சாண். அவருக்கு அடுத்தவரு, சாண்ங்கறது சின்ன மனுஷங்க அளவுன்னு சொல்லி முழமாக்கிட்டாரு."

சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்று ஊரில் சொல்வார்கள். இந்தக் கூடத்தில் சறுக்கலுக்கே வழியில்லை என்று பிரேம்கடைக்காரர் நினைத்துக்கொண்டார்.

நாலாம் படத்திலும் ஆறாம் படத்திலும் ஒரே முகம் இருந்தது. நாலாவதில் தலை நிறைய முடி, ஆறாவதில் இல்லை.

"இவங்க அண்ணன் தம்பிங்களா?"

"ஒரே ஆளுதான். ரெண்டு தடவை பதவிக்கு வந்தாரு. ரெண்டாம் தடவை வந்தப்ப, 'யாருய்யா அந்த நாலாவது ஆளு, ரொம்பத்தான் சிரிக்கறான்'னு கேட்டாரு. நீங்கதான் ஐயான்னு சொன்னோம். 'யாரா இருந்தா என்ன, எனக்கு முன்னாடி இருந்தவன்தானே, கதவுக்குப் பின்னாடி மாட்டு'ன்னுட்டாரு. அதனாலதான் பாருங்க, கதவைத் திறந்தா அவரு தெரியமாட்டாரு."

ஒவ்வொரு படத்தின் கீழேயும் பித்தளைத் தகட்டில் சாதனை பொறித்திருந்தது. இரண்டாமவர் ஆற்றுப் பாலத்துக்கு அடிக்கல் நாட்டினார். மூன்றாமவர் ஆற்றுப் பாலத்துக்கு முறைப்படி அடிக்கல் நாட்டினார். நாலாமவர் பாலத்தைத் திறந்தார். ஐந்தாமவர் பாலத்தை மக்களுக்காகத் திறந்தார். எட்டாமவர், இதுவரை யாரும் திறக்காத அக்கரைப் பக்கத்திலிருந்து பாலத்தைத் திறந்தார். முதலாமவர் படத்தின் கீழே மட்டும் தகடே இல்லை.

"அப்ப பாலத்தைக் கட்டினது யாருங்க?"

செயலாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சின்னப் படத்தைக் காட்டினார். "அவருதான். ஆனா அடிக்கல்லும் நாட்டல, திறப்பு விழாவும் வைக்கல. பாலம் முடிஞ்ச அன்னைக்கு ஜனங்க பாட்டுக்கு நடந்து போயிட்டாங்க. அதை எப்படி வரலாறுன்னு எடுத்துக்கறது?"

அப்போதுதான் கூடத்தின் கோடியில், பதினோராமவர் படத்துக்குப் பக்கத்தில், நெட்டுக்குத்தாக நின்ற ஆளை பிரேம்கடைக்காரர் பார்த்தார். வெள்ளைச் சீருடை, இடுப்பில் பட்டை. கையில் சாண் கணக்கில் கோடு போட்ட நீளமான கோல். அது சகலை.

"இவரு அளவுகோல் அலுவலர்" என்று செயலாளர் அறிமுகப்படுத்தினார். "தினமும் ரெண்டு வேளை எல்லாரையும் அளந்து பார்ப்பாரு, யாராவது ராத்திரியோட ராத்திரியா வளர்ந்துட்டாங்களான்னு. முன்னாள் முதல்வருங்க முன்னாடி அலுவலர் யாரும் உட்காரக் கூடாதுங்கறது மரபு. வேலைக்குச் சேர்ந்த நாள்ல இருந்து நின்னுக்கிட்டேதான் இருக்காரு."

பிரேம்கடைக்காரருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. முதல்வர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிற வேலை! செயலாளர் அந்தப் பக்கம் திரும்பியதும் சகலை உதடு அசையாமல் சொன்னார்:

"அண்ணே, வீட்ல சொல்லிடாதீங்க."

"எதை?"

"இதைத்தான்." கோல் லேசாக ஆடியது.

"நான் ஏன் சொல்லப் போறேன் சகலை?" என்று சொன்ன பிரேம்கடைக்காரர், எந்த வார்த்தையில் ஆரம்பித்துச் சொல்லலாம் என்று அப்போதே யோசிக்க ஆரம்பித்திருந்தார்.

வேலை இதுதான். இப்போதைய முதல்வர் பன்னிரண்டாமவர். அவர் படம் பதினோராமவரைவிட ஒரு முழம் உயரமாக இருக்க வேண்டும். பதினோராமவரே விட்டத்தில் முட்டிக்கொண்டிருக்கிறார். பக்கத்து மாகாண முதல்வர் விருந்தாளியாக வரப்போகிறார். அவர் கையால் திறப்பு. அதற்குள் முடித்தாக வேண்டும்.

கூடத்தில் ஒரே ஒரு பெஞ்சு இருந்தது. முன்னாள் முதல்வர்கள் மட்டும் உட்காரலாம். அதில் தினமும் ஒரு கிழவர் வந்து உட்கார்ந்து ஏழாம் படத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். படத்தில் இருப்பவரும் அவரே. காலையில் ஒருவர் ராஜினாமா செய்து, சாயங்காலம் இன்னொருவர் பதவியேற்றார். நடுவில் நாற்காலி காலியாக இருக்கக் கூடாதென்று இவரைப் பிடித்து உட்கார வைத்தார்கள். ஊரில் அவருக்கு அரைநாளார் என்று பெயர். அரைநாள் என்றாலும் மரபு மரபுதான். ஆறாமவரைவிட ஒரு சாண் உயரமாகத் தொங்கினார். தகட்டில், 'பிற்பகலில் ஒரு கோப்பைத் தேநீர் அருந்தினார்' என்று பொறித்திருந்தது.

"இத்தனை தகட்டுல என்னோடது ஒண்ணுதான் நிஜம்" என்று அரைநாளார் பிரேம்கடைக்காரரிடம் சொன்னார். "அதுலயும் பாருங்க, அந்த டீயில பாதிதான் குடிச்சேன். மீதியை எட்டாமவன் வந்து குடிச்சுட்டான். எனக்கு அடுத்தவன், என்னைவிட ஒரு சாண் பெரியவன்! எச்சில் டீன்னு அவன் தகட்டுல போட்டிருக்கா? போடலையே!"

அவர் கண்ணில் அன்றைய டீ இன்னும் ஆறாமல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் எல்லாரும் கூடினார்கள். மாமியார் அடுப்படியில், அக்காவும் தங்கையும் வாசற்படியில், சகலை நாற்காலியில், பிரேம்கடைக்காரர் முக்காலியில். சொல்ல வேண்டியதை அவர் வழியெல்லாம் மெருகேற்றிக்கொண்டு வந்திருந்தார். 'மாமா, சின்ன மாப்பிள்ளை கையில என்ன வெச்சிருக்காரு தெரியுமா' என்று ஆரம்பிப்பதாகத் திட்டம். வாயைத் திறந்தார்.

"மூத்த மாப்பிள்ளை!" என்று மாமனார் முந்திக்கொண்டார். "முதல்வர் படத்துக்கு நீங்கதான் பிரேமாமே! சின்ன மாப்பிள்ளை இப்பத்தான் சொன்னாரு. அவரு ஒரு வார்த்தை சொல்லி வாங்கிக் குடுத்தாராமே!"

பிரேம்கடைக்காரர் சகலையைப் பார்த்தார். சகலை கண்ணை மெல்ல மூடித் திறந்தார்.

இனி என்ன சொல்வது? இவர் வெறும் கோல் பிடிக்கிறவர் என்று சொன்னால், கோல் பிடிக்கிறவன் சிபாரிசில் வேலை வாங்கியவர் என்று ஆகிவிடும். சிபாரிசே இல்லை என்று சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை, மனைவியே நம்பமாட்டாள். பழுக்கக் காய்ச்சிக் கொண்டுவந்த வார்த்தை தொண்டைக்குள்ளேயே ஆறிப்போயிற்று. நாற்காலியில் சகலை காலை நீட்டினார். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. நாள் முழுக்க நிற்கிற கால். பாவம் என்று பிரேம்கடைக்காரருக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. மச்சினி ஓடிப்போய் அந்தக் காலுக்குக் கீழே ஒரு தலையணையைக் கொண்டுவந்து வைத்ததும் பாவம் போன இடம் தெரியவில்லை.

"படத்தை மாட்டுங்க மாப்பிள்ளை" என்று மாமனார் எல்லார் முன்னிலையிலும் சொன்னார். "மாட்டின அடுத்த ஞாயித்துக்கிழமை இந்த நாற்காலி உங்களுக்கு. முதல்வர் படம் பண்ணவரை முக்காலியில உட்கார வெச்சா ஊர் என்னைத்தானே பேசும்?"

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணப் போட்டோவில் பார்த்த மாதிரி பார்த்தாள். அந்த ஒரு பார்வைக்காக முதல்வரை ஆகாயம் வரைக்கும் நீட்டவும் பிரேம்கடைக்காரர் தயாரானார்.

ஆனால் விட்டம் தயாராக இல்லை. கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டார்கள்.

அரசாங்கப் பொறியாளர், படத்தைப் படுக்கவைத்து மாட்டலாம் என்றார். முதல்வர் படுத்திருப்பது போன்ற படம் பார்ப்பவர்களுக்கு வேறு மாதிரி அர்த்தம் தரும் என்று செயலாளர் பதறினார். பழைய படங்களை ஆளுக்கொரு சாண் அறுத்துவிடலாமே என்று பிரேம்கடைக்காரர் மெல்லக் கேட்டார். கூட்டம் அவரைக் கொலைகாரனைப் பார்ப்பது போலப் பார்த்தது.

"ஐயா, நீங்க வெளியாளு, தெரியாமப் பேசறீங்க" என்றார் செயலாளர். "முன்னவரு சின்னவரா இருந்தா நம்மவரு பெரியவருங்கறதுல என்ன பெருமை? முன்னவரு பெரியவரா இருக்கணும். அவரைவிட நம்மவரு பெரியவரா இருக்கணும். நாங்க யாரையும் இறக்கறதில்லை. முன்னவரைப் பார்த்துப் பொறுக்க முடியாமத்தான் நம்மவரை ஏத்தறோம்."

விட்டத்தில் ஓட்டை போட்டால் தலை மேல்மாடிக்குப் போகும். மேல்மாடி நிதியமைச்சர் அறை. நிதியமைச்சருக்கு முதல்வர் பதவி மேல் ரொம்ப நாளாக ஒரு கண். அவர் உடனே சம்மதித்தார். "தலைவர் தலை என் அறையில இருக்கறது என் பாக்கியம். என் மேஜைக்குப் பக்கத்துலயே வரட்டும். காலைத் தூக்கி வெச்சுக்க எனக்கும் ஒரு உயரம் வேணும்" என்றார். அத்தோடு அந்த யோசனை கைவிடப்பட்டது.

மிச்சம் இருந்தது கீழ்ப்பக்கம். தரையில் பிளவு வெட்டி, படத்தின் முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதியைக் கீழ்மாடியில் இறக்குவது. கீழ்மாடியில் ஊழியர் கேன்டீன்.

"கேன்டீன்ல முதல்வரோட ஷூ தொங்கும்" என்றார் பொறியாளர் தயக்கத்தோடு.

"தொங்கட்டுமே!" செயலாளருக்குக் கண் பளபளத்தது. "ஊழியருங்க தலைவரோட காலடியில உட்கார்ந்து சாப்பிடறாங்க. இதைவிட ஜனநாயகம் எந்த நாட்டுல இருக்கு?"

தரையை உடைத்தார்கள். பிரேம்கடைக்காரர் மேலே பாதி, கீழே பாதி என்று ஏணியில் ஏறி இறங்கிச் சட்டம் பூட்டினார். கட்டையை அறுக்கும்போதெல்லாம் நாற்காலியின் கை அவர் முழங்கைக்குக் கீழே இருப்பது போலவே இருந்தது. கேன்டீனில் இதற்குள் இடத் தகராறு ஆரம்பித்துவிட்டது. வலது ஷூவுக்கு அருகில் உள்ள மேஜை உதவிச் செயலாளர்களுக்கு, இடது ஷூ மேஜை கண்காணிப்பாளர்களுக்கு என்று உத்தரவு வந்தது. எந்த ஷூவும் தெரியாத மேஜையில் உட்கார்ந்த தட்டச்சர்கள் சாப்பாடு இறங்காமல் மெலிந்தார்கள்.

திறப்பு நாள் வந்தது. மேலே ஒரு திரை, கீழே ஒரு திரை. பன்னிரண்டாம் முதல்வர் கைகட்டி அடக்கமாக நின்றார். பிரேம்கடைக்காரர் தூணோரம், சகலை கோலோடு, அரைநாளார் பெஞ்சில். விருந்தாளி முதல்வர் கயிற்றை இழுத்தார்.

படம் அவ்வளவு பெரிது, கூடம் அவ்வளவு ஒடுக்கம். நின்ற இடத்திலிருந்து பார்த்தால் கோட்டுப் பொத்தான்கள் வரிசையாகப் போய், மேலே இரண்டு மூக்குத் துவாரங்களில் முடிந்தன. விருந்தாளி அண்ணாந்து பார்த்தார். பெயருக்காகக் குனிந்து தேடினார். தகடு படத்தின் அடியில் இருந்தது. படத்தின் அடி கேன்டீனில் இருந்தது.

"இது யாருங்க?" என்று கேட்டார்.

பன்னிரண்டாம் முதல்வர் தொண்டையைக் கனைத்தார்.

"நான்தாங்க."

"அடடே, ரொம்ப சந்தோஷம்" என்றார் விருந்தாளி. பேச்சை மாற்ற நினைத்தவர், "வர்ற வழியில ஆத்துமேல ஒரு பாலம் பார்த்தேன். இத்தனை காலமாகியும் கல்லு கல்லா நிக்குது. எங்க மாகாணத்துல இப்படி ஒண்ணு இல்லை. யாரு கட்டினது?" என்று கேட்டார்.

செயலாளர் தகடு தகடாகப் பார்த்தார். பித்தளைத் தகடுகள் எல்லாம் பளபளத்தன. பெஞ்சிலிருந்து அரைநாளார் கைத்தடியை நீட்டினார். "அதோ, அந்தக் கோடியில சின்னதா இருக்காரு பாருங்க, அவரு. எட்டாமவன் இல்லை. நல்லா எழுதிக்குங்க, எட்டாமவன் இல்லை."

விருந்தாளி விறுவிறுவென்று அங்கே போனார். குனிந்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு இரண்டு கையையும் கூப்பினார். "அவ்வளவு பெரிய பாலத்தைக் கட்டிட்டு இத்தனூண்டு படமா! எப்படிப்பட்ட மனுஷன்!" பின்னால் வந்த தூதுக்குழு முழுவதும் ஒவ்வொருவராகக் குனிந்து கும்பிட்டது. போட்டோக்காரர்கள் எல்லாரும் அங்கே ஓடினார்கள். பெரிய படத்தின் முன்னால் பிரேம்கடைக்காரரும் சகலையும் மட்டும் மிஞ்சினார்கள்.

பன்னிரண்டாம் முதல்வரின் முகத்தை பிரேம்கடைக்காரர் பார்த்தார். காதோரம் சிவந்து, தாடை இறுகி, உதட்டில் மட்டும் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த முகம் அவருக்கு நல்ல பழக்கம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மாமனார் வீட்டு அலமாரிக் கண்ணாடியில், முக்காலிக்கு எதிரே பார்க்கிற முகம்தான் அது.

கூட்டம் கலைந்த பிறகு முதல்வர் சின்னப் படத்தின் முன்னால் வந்து நின்றார். "இவரு எவ்வளவு உயரம்?"

சகலை கோலை வைத்துப் பார்த்தார். "ஒரு சாண், ஐயா."

"ஒரே சாணா..." முதல்வர் பெருமூச்சு விட்டார். "எனக்கு இதைவிடச் சின்னதா வேணும்."

"நானே சொல்லணும்னு இருந்தேன் ஐயா!" என்று செயலாளர் பாய்ந்து வந்தார். "எளிமையில நம்மளை எவனும் மிஞ்சக் கூடாது. நம்ம எளிமையைப் பார்த்து ஊரே வாயைப் பிளக்கணும்!"

பிரேம்கடைக்காரர் குறுக்கே வந்தார். "ஐயா, அப்ப இந்தப் படத்தை மாட்டினது கணக்குல வருமா, வராதா?" என்று கேட்டார். எந்தக் கணக்கு என்று யாரும் கேட்கவில்லை. மாட்டிய படத்தை அன்று மாலையே அவர் கையாலேயே இறக்க வைத்தார்கள்.

அந்த வாரம் முழுக்க, தீப்பெட்டி அளவுச் சட்டத்துக்குக் குச்சி குச்சியாக மரம் சீவினார். விரல் நுனியெல்லாம் சிராய்ப்பு. சனிக்கிழமை, இடது கோடியில், முதலாமவருக்கும் முந்தி, பன்னிரண்டாமவர் தீப்பெட்டியாகத் தொங்கினார். தொலைக்காட்சியில் அதைக் காட்டினார்கள். என்ன காட்டுகிறார்கள் என்று தெரியவில்லை என்றாலும் எல்லாரும் மெச்சினார்கள்.

எளிமை அலுவலகம் முழுக்கப் பரவியது. முதல்வர் தன் நாற்காலியை அனுப்பிவிட்டு ஒரு முக்காலி வாங்கிப் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்த செயலாளர் அதைவிடத் தாழ்வான பலகைக்கு மாறினார். அதைக் கேள்விப்பட்ட நிதியமைச்சர் தரையிலேயே உட்கார்ந்து கோப்பில் கையெழுத்துப் போட்டார். பொறியாளர் தரையில் வெட்டிய பிளவுக்குள் ஒரு மேஜை போட முடியுமா என்று அளந்துகொண்டிருந்தார். கோலுக்கு வேலை இல்லாமல் போனதால் சகலை கையில் ஒரு பூதக்கண்ணாடியைக் கொடுத்தார்கள். வருகிறவர்களுக்கு முதல்வரை அதன் வழியாகக் காட்ட வேண்டும். படம் இருக்கும் உயரத்துக்கு வாகாக, மரபை மாற்றி, ஒரு முக்காலியும் கொடுத்தார்கள்.

இதெல்லாம் பிரேம்கடைக்காரர் காதில் விழவில்லை. அவர் காது ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தது.

ஞாயிறு வந்தது. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மனைவியோடு மாமனார் வீட்டுப் படியேறினார். மாமனார் சொன்ன சொல் தவறவில்லை. எழுந்தார், மெத்தையைத் தட்டினார், "உட்காருங்க மூத்த மாப்பிள்ளை" என்றார். பிரேம்கடைக்காரர் உட்கார்ந்தார். இரண்டு கையையும் நாற்காலியின் இரண்டு கை மேல் வைத்தார். மின்விசிறிக் காற்று உச்சந்தலையில் விழுந்தது. இத்தனை வருஷப் புழுக்கமும் ஒரு நொடியில் ஆறியது. மனைவி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இனி சகலை வர வேண்டும். வந்து, எங்கே உட்காருவது என்று தெரியாமல் ஒரு நிமிஷம் முழிக்க வேண்டும். அது ஒன்றுதான் பாக்கி.

சகலை வந்தார். முழிக்கவில்லை. நேராகச் சுவரோரம் போய் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டார். காலை நீட்டினார். வீக்கம் வடிந்திருந்தது.

"என்ன மாப்பிள்ளை, அதுல போய்..." என்று மாமனார் பதறினார்.

"முதல்வரே இப்ப முக்காலிதான் மாமா" என்று சகலை கண்ணை மெல்ல மூடித் திறந்தார். "நாங்க யாரும் நாற்காலியைத் தொடறதே இல்லை. அதுல உட்காரறவங்களைப் பார்த்தா எங்களுக்கே ஒரு மாதிரி இருக்கு."

மாமனார் ஒருமுறை நாற்காலியைப் பார்த்தார். பிறகு அடுப்படிக்குள் போய், மாமியார் உட்காரும் சின்னப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து, சகலைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். மச்சினி தரையில் உட்கார்ந்தாள். மாமியாரும் வந்து உட்கார்ந்தார். கடைசியில் கதவோரம் நின்ற மனைவியும் போய்த் தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பூதக்கண்ணாடியில் முதல்வர் எப்படித் தெரிவார் என்று சகலை சொல்லச் சொல்ல, கீழே ஒரே சிரிப்பு. டீ வந்தது. முதல் டம்ளர் முக்காலிக்குப் போனது.

பிரேம்கடைக்காரர் மேலே தனியாக இருந்தார். மெத்தையில் ஒரு கம்பி நடுமுதுகில் குத்தியது. காற்று நேராகத் தலையில் அடித்துத் தும்மல் வந்தது. முக்காலிக்குப் பின்னால் சாய்ந்துகொள்ள வாகாக ஒரு சுவர் இருப்பதை இத்தனை வருஷத்தில் அவர் கவனித்ததே இல்லை. நிமிர்ந்து பார்த்தார். அலமாரிக் கண்ணாடியில், காதோரம் சிவந்து, அந்த முகம்.

சகலை சிரித்தபடி பின்னால் சாய்ந்தார். முக்காலி ஆடவில்லை. மடித்த அட்டை அதன் காலுக்குக் கீழே பத்திரமாக இருந்தது.

"சகலை!" என்று நாற்காலியை விட்டு எழுந்தார் பிரேம்கடைக்காரர். சிரிப்பு நின்று எல்லாரும் அவரை அண்ணாந்து பார்த்தார்கள்.

"எழுந்திருங்க. அது என் முக்காலி."